சாணைக்கல்லில் தீட்டிய சட்டில்

என் தம்பி கெட்டிக்காரன். சிக்கலே அதுதான். பள்ளிக்கூடச் சீருடைகள் தைக்கக் குவிந்திருந்த கிழமையில் மெசின் இடைக்கிடை தையலைத் தவறவிட்டது. ஊசியை மாற்றியிருந்தாலே சரியாகியிருக்கும். நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் அவன், ஊசிக்குக் கீழே நூலைப் பிடிக்கும் சட்டிலைக் கழற்றி, அதன் மூக்கில் பிசிர் இருக்கிறதென்று கண்டுபிடித்து, அரிவாள் தீட்டும் சாணைக்கல்லில் உரசி முடித்திருந்தான். "அக்கா, இப்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது" என்றான். கண்ணாடி மாதிரித்தான் இருந்தது. கூர்தான் இல்லை.

இது அம்மாவின் சிங்கர், பதினைந்தாம் வகை. 1995 ஒக்டோபர் 30 இரவு போரினால் ஊரே யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பக்கம் நகர்ந்தபோது, மிதிமேசையை வீட்டில் விட்டுவிட்டு மெசின் தலையை மட்டும் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனார். ஆகவே எறிந்துவிட்டுப் புதிது வாங்கு என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

வீட்டு மெக்கானிக் கைவைத்த மெசினில் முதலில் பார்க்க வேண்டியது, எது போய்விட்டது, எது பிழைத்திருக்கிறது என்பதை. சட்டிலின் மூக்குத்தான் ஊசி எடுத்து வரும் நூல் வளையத்தைக் கொத்திப் பிடிக்கிறது. ஊசி அடிமட்டத்திலிருந்து ஏறக்குறைய இரண்டரை மில்லிமீற்றர் மேலெழும் கணத்தில் அந்த மூக்கு ஊசிக்கண்ணுக்குச் சற்று மேலே வந்து நிற்க வேண்டும். மூக்கு தேய்ந்து குட்டையானால் வந்து சேரப் பிந்துகிறது, வளையம் கைநழுவிப் போகிறது. அரைத்த இரும்பு திரும்பி வராது. மூக்கு குட்டையாகிவிட்டதா, சட்டிலை மாற்றுங்கள். "இன்னும் கொஞ்சம் கூராக்கிப் பார்ப்போம்" என்பவரை அறைக்கு வெளியே அனுப்புங்கள்.

மூக்கின் நீளம் குறையாமல் ஊசி இடித்த வடு மட்டும் இருந்தால் காப்பாற்றலாம். பஞ்சுத் துணுக்கு ஒன்றை அதன் மேல் இழுத்துப் பாருங்கள். நார் சிக்கும் இடம்தான் பிசிர். 1000 இலக்கத்துக்கு மேற்பட்ட நுண்ணிய எமரிக் கடதாசியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மூக்கின் நுனியை நோக்கி மட்டும், நகம் மெருகிடுவதுபோல் நாலைந்து தடவை இழுத்தால் போதும். பஞ்சு வழுக்கியதும் நிறுத்திவிடுங்கள்.

என் தம்பியின் இரண்டாவது சேதம் திருகாணியில். தலையிலுள்ள பள்ளத்தைக் கடித்துக் குதறியிருந்தான். கடையில் வாங்கும் திருப்புளியின் நுனி ஆப்புப்போல் சரிந்திருக்கும். அது பள்ளத்தின் அடியைத் தொடாமல் விளிம்பில் ஏறி, திருப்பும்போது வெளியே துள்ளும். நுனியின் இரு முகமும் சமாந்தரமாக, பள்ளத்தின் முழு அகலத்துக்கும் நிற்கும்படி தேய்க்க வேண்டும். அந்தச் சாணைக்கல்லுக்குப் பொருத்தமான வேலை இதுதான். இறுகிய திருகாணிக்கு இரவே மண்ணெண்ணெய் விட்டு, காலையில் திருப்புளியை நிறுத்தி அதன் பிடியில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டிய பிறகு திருப்புங்கள். ஸ்பிரிட்டைக் கிட்டேயும் கொண்டுபோகாதீர்கள். பழைய சிங்கரின் பொன்னிறப் பூவேலைக்கு மேலுள்ள அரக்குப் பூச்சை அது கரைத்துவிடும்.

குதறிய திருகாணிக்குப் பதிலாக இரும்புக்கடைத் திருகாணியைப் போட்டு இறுக்காதீர்கள். சிங்கரின் புரி வேறு. ஒரு சுற்று ஏறும், இரண்டாவது சுற்றில் மெசினின் வார்ப்பிலுள்ள புரியை அறுக்கும். ஐம்பது ரூபாய்ச் சாமானைக் காப்பாற்றப் போய் மெசின் தலையையே பழுதாக்கியவர்கள் உண்டு. பழைய மெசின் பிரித்து விற்பவரிடம் கேளுங்கள், அதே திருகாணி கிடைக்கும்.

சட்டில் வாங்கப் போகும்போது பழையதைக் கையில் கொண்டு போங்கள். பதினைந்தாம் வகையைப் பார்த்துச் செய்த யப்பான், சீன மெசின்கள் ஏராளம் என்பதால் அதன் சட்டில் கிடைப்பது கடினமல்ல. ஓடம்போல் நீண்ட சட்டில் உள்ள மெசின் வேறு வகை, அதற்கு இது பொருந்தாது.

மாட்டுவதற்கு முன் சட்டில் ஓடும் பாதையைத் துடையுங்கள். மெசின் எண்ணெய் கிடைக்காத தொண்ணூறுகளில் அம்மா தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார். அது காய்ந்து பலாப்பால்போல் ஒட்டிக் கிடந்தது. மண்ணெண்ணெய் நனைத்த துணியில் மூன்று முறை துடைத்த பின்புதான் இரும்பு தெரிந்தது. ஊசியை உச்சிக்கு ஏற்றி, சட்டிலைப் பாதையில் வைத்து, மூடும் வளையத்தைப் பூட்டி, ஒரேயொரு சொட்டு மெசின் எண்ணெய் விடுங்கள். பிறகு சில்லைக் கையால் உங்கள் பக்கமாகச் சுற்றுங்கள். ஊசியில் எங்காவது உரசினால் காலை மிதியில் வைக்காதீர்கள்.

ஊசியும் புதிதாக இருக்கட்டும். இந்த வகையில் அதன் தட்டைப் பக்கம் இடப்புறம் பார்க்க வேண்டும், நூல் வலமிருந்து இடம் கோக்க வேண்டும். சீருடைத் துணிக்கு 14ஆம் இலக்கம் போதும். அடிநூல் சுற்றிய பொபினை வைக்கும் பொபின் கூட்டை அந்த நூலிலேயே தொங்கவிட்டு ஒரு சிறு குலுக்குக் குலுக்குங்கள்: கொஞ்சம் இறங்கி நின்றால் இழுவை சரி. விழுந்துகொண்டே போனால் பக்கத்துப் பெரிய திருகாணியைக் கால் சுற்று இறுக்குங்கள்.

முதல் தையலைப் பழைய வெள்ளைத் துணியில் போடுங்கள், எண்ணெய் கக்கும். எனக்கு இரண்டு முழம் கறுத்த கோடு வந்தது, மூன்றாவது முழத்தில் நூல் வெளுத்தது, ஒரு தையலும் தவறவில்லை. தம்பி எட்டி நின்று பார்த்துவிட்டு, "ஊசியை மாற்றினீர்களா, அக்கா?" என்று கேட்டான்.