ஆர்டர் வந்ததும் மெஷினை ஓட்டாதீர்கள்: சிறு அச்சகத்துக்கு வூகாமர்ஸ் பழகும் முறை

எங்கள் அச்சகம் கோத்தகிரியில் இருக்கிறது. ஒரு டிஜிட்டல் மெஷின், ஒரு கட்டிங் மெஷின், டிடிபி வேலைக்கு, அதாவது பக்கம் வடிவமைக்க, இரண்டு கணினிகள், அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, பில் புக், தேயிலைப் பொட்டலத்துக்கும் ஹோம்மேடு சாக்லேட் பெட்டிக்கும் லேபிள் என்று வேலை வரும். எண்ணிக்கை பெரிதானால் ஆஃப்செட்டுக்குக் கோவைக்கு அனுப்பிவிடுவோம். நெடுநாள் வரை ஆர்டர் எல்லாம் நீளமான ஒரு நோட்டில்தான் இருந்தது. ஊட்டியிலிருந்தும் குன்னூரிலிருந்தும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பஸ் ஏறி வருவது வாடிக்கையாளருக்குச் சிரமமாக இருந்ததால், வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளில், கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் என்ற இணைப்பைப் போட்டு ஆன்லைனில் ஆர்டர் எடுக்கத் தொடங்கினோம்.

தளத்தை அமைப்பது பற்றி எழுதப்போவதில்லை. அதற்கு ஆள் கிடைப்பார்கள். அமைத்துக் கொடுத்தவர் போன பிறகு, நிர்வாகப் பக்கத்தைத் திறந்து விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கானது இது. நானும் அப்படி உட்கார்ந்திருந்தவள்தான்.

தொடங்கும் முன் ஒரு சின்ன வேலை. கடையில் வேலை செய்கிறவருக்கு உங்கள் அட்மின் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். 'யூசர்ஸ்' பகுதியில் அவருக்கென்று தனிக் கணக்கு திறந்து, 'ஷாப் மேனேஜர்' என்ற பொறுப்பைக் கொடுங்கள். ஆர்டர்களையும் பொருள்களையும் அவர் கையாளலாம். தளத்தின் அடித்தளத்தில் கை வைக்க முடியாது.

படி 1: நிலைகளைப் புரிந்துகொள்ளுங்கள்

வூகாமர்ஸில் 'ஆர்டர்ஸ்' பக்கத்தைத் திறந்தால் வரிசையாக எண், பெயர், தேதி, நிலை, தொகை தெரியும். எண்கள் தொடர்ச்சியாக இருக்காது. 412க்குப் பிறகு 419 வரும். நடுவில் ஏதோ தொலைந்துவிட்டது என்று பதற வேண்டாம். தளத்தின் மற்றப் பக்கங்களும் அதே எண் வரிசையில் இடம் பிடிப்பதால் அப்படி ஆகிறது.

நிலைகளில் நமக்கு முக்கியமானவை நான்கு. 'பெண்டிங் பேமெண்ட்' என்றால் ஆர்டர் வந்தது, பணம் வரவில்லை. 'ஆன் ஹோல்டு' என்றால் நிறுத்தி வைத்திருக்கிறது. 'பிராசஸிங்' என்றால் பணம் வந்தது, வேலை நடக்க வேண்டும். 'கம்ப்ளீட்டட்' என்றால் முடிந்தது.

சட்டை விற்கிற கடைக்கு இந்த வரிசை சரி. பணம் வந்தால் சட்டையை மடித்து அனுப்பிவிடலாம். அச்சகத்துக்கு இது ஆபத்து. பணம் வந்துவிட்டது என்பதற்கும் அச்சடிக்கலாம் என்பதற்கும் நடுவில் புரூஃப் என்று ஒன்று இருக்கிறது; அடிப்பதற்கு முன் வாடிக்கையாளர் பார்த்துச் சரி சொல்ல வேண்டிய மாதிரி அது. மென்பொருளுக்கு அது தெரியாது. யுபிஐயிலோ கார்டிலோ பணம் கட்டியவரின் ஆர்டர் தானாகவே 'பிராசஸிங்' ஆகி நிற்கும். அதைப் பார்த்தவுடன் ஆர்டரைத் திறந்து 'ஆன் ஹோல்டு' ஆக்கிவிடுங்கள். எங்கள் கடையில் பொருள் இதுதான்: ஆன் ஹோல்டு என்றால் புரூஃப் முடியவில்லை; பிராசஸிங் என்றால் மெஷினுக்குப் போகலாம்.

இதில் ஒரு வசதியும் உண்டு. பெண்டிங் பேமெண்டிலோ ஆன் ஹோல்டிலோ இருக்கும்போதுதான் ஆர்டரின் எண்ணிக்கையையும் விலையையும் திருத்த முடியும். பிராசஸிங் ஆனதும் அது பூட்டிக்கொள்ளும். 200 பத்திரிகை சொன்னவர் புரூஃப் பார்த்த பிறகு 250 கேட்பது தினமும் நடப்பது. ஒப்புதல் வரும் வரை திறந்தும், வந்த பிறகு பூட்டியும் இருக்கட்டும். நமக்கென்றே செய்தது போல் இருக்கிறது.

படி 2: கடைக்கு நேரில் வருகிறவரையும் உள்ளே போடுங்கள்

பாதி ஆர்டர் கணினியிலும் பாதி நோட்டிலும் இருந்தால் இரண்டும் வீண். நேரில் வந்தாலும் போனில் சொன்னாலும் 'ஆட் ஆர்டர்' அழுத்தி நீங்களே பதிவு செய்யுங்கள். பெயர், போன் எண், பொருள், எண்ணிக்கை கொடுத்து, 'ரீகால்குலேட்' அழுத்தினால் தொகை வரும். கையால் போட்ட ஆர்டர் பெண்டிங் பேமெண்டில்தான் நிற்கும். வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் எதுவும் போகாது. அட்வான்ஸ் வாங்கியதும் ஆன் ஹோல்டு ஆக்குங்கள். வாங்கிய அட்வான்ஸைத் தனியாக வரவு வைக்க இதில் இடமில்லை. தொகையையும் தேதியையும் குறிப்பில் எழுதிவிடுங்கள். குறிப்பு எங்கே என்று நாலாவது படியில் சொல்கிறேன்.

படி 3: கோப்பைப் பாருங்கள்

வந்த கோப்புக்கு முதலில் ஆர்டர் எண்ணைப் பெயராக வையுங்கள். 419-1, திருத்தம் வந்தால் 419-2. 'ஃபைனல்', 'புது ஃபைனல்', 'கடைசி ஃபைனல்' என்று பெயர் வைத்த பாவத்தை நாங்களும் செய்திருக்கிறோம்.

பிறகு அளவு. விசிட்டிங் கார்டு என்றால் மூன்றரைக்கு இரண்டு அங்குலம். நான்கு பக்கமும் கட்டிங்குக்கு 3 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கிறதா? படம் 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி, இருக்கிறதா? வாட்ஸ்அப்பில் படமாக வந்தது பெரும்பாலும் தேறாது. டாக்குமெண்டாகவோ மின்னஞ்சலிலோ அனுப்பச் சொல்லுங்கள். நிறம் ஆர்ஜிபி என்ற திரை முறையில் இருந்தால் திரையில் பளிச்சென்று தெரிகிற தேயிலைப் பச்சை, சிஎம்ஒய்கே என்ற அச்சு மை முறைக்கு மாற்றியதும் மங்கும். அதை அடிப்பதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். வாடிக்கையாளர் போனில் அடிப்பது யூனிகோடு. நம்மில் பலர் இன்னும் பேஜ்மேக்கரில், யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவை வைத்துக்கொண்டு வேலை செய்கிறோம். மாற்றியில் போட்டு எடுக்கும்போது கொம்பு இடம் மாறும், 'ஸ்ரீ' காணாமல் போகும். மாற்றிய பிறகு மூலத்தைப் பக்கத்தில் வைத்து ஒருமுறை வாசியுங்கள். படகர் வீட்டுப் பத்திரிகை என்றால் ஊர்ப் பெயர்களை இரண்டுமுறை வாசியுங்கள். தும்மனட்டி, கக்குச்சி, பேரகணி எல்லாம் வெளியூர் டிடிபிக்காரர் கையில் என்னென்னவோ ஆகியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

உணவுப் பொருள் லேபிள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண்ணை எண்ணிப் பாருங்கள். 14 இலக்கம் இருக்க வேண்டும். சைவப் பொருளுக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் பொட்டு, நிகர எடை, தயாரித்த தேதிக்கு இடம் எல்லாம் இருக்கிறதா? சரிபார்ப்பது அவர் பொறுப்புதான். ஆனாலும் ஆயிரம் லேபிள் வீணானால் அவர் வந்து நிற்பது நம் கடை வாசலில்.

படி 4: புரூஃப்பும் குறிப்பும்

இந்தப் படிக்காகத்தான் இந்தக் கட்டுரையே.

நோட்டு வைத்திருந்த காலத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை அடித்தோம். முகூர்த்தம் 9.00 முதல் 10.30 வரை. பத்திரிகையில் 10.00 என்று விழுந்துவிட்டது. புரூஃப் பார்த்த பெண்ணின் அப்பா போனில், "எல்லாம் சரிம்மா, அடிச்சிடுங்க" என்றார். நாங்களும் அடித்தோம். 400 பத்திரிகை. அவர் பார்த்த புரூஃப்பில் 10.30 இருந்ததா, 10.00 இருந்ததா? அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சண்டை போடக்கூட ஆதாரம் இல்லை. பாதிக் காசு அவர், பாதிக் காசு நாங்கள் என்று மறுபடி அடித்தோம்.

இப்போது செய்வது இப்படி. ஆர்டரைத் திறந்தால் வலப்பக்கம் கீழே 'ஆர்டர் நோட்ஸ்' இருக்கும். அங்கே இரண்டு வகை. 'பிரைவேட் நோட்' நமக்கு மட்டும். 'நோட் டு கஸ்டமர்' எழுதினால் அது வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலாகப் போய்விடும். புரூஃப் அனுப்பியதும் வாடிக்கையாளருக்கான குறிப்பில், "419-2 புரூஃப் அனுப்பியிருக்கிறோம். தேதி, நேரம், பெயர், போன் எண் நான்கையும் பார்த்து, சரி என்றால் எழுத்தில் பதில் அனுப்புங்கள்" என்று எழுதுங்கள். பதில் வந்ததும், எந்தக் கோப்புக்கு, யார், எந்தத் தேதியில் ஒப்புக்கொண்டார் என்று பிரைவேட் நோட்டில் ஒரு வரி. குறிப்புக்குத் தேதி தானாகவே விழும். போனில் சொன்ன 'சரி' கணக்கில் சேராது. "ஒரு வரி எழுதி அனுப்புங்கண்ணா" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

எந்த வகைக் குறிப்பு என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். "நாலாவது முறையாக எழுத்துரு மாற்றச் சொல்கிறார், பொறுமை தேவை" என்று எனக்கு நானே எழுதியது ஒருமுறை அந்த மனிதருக்கே போய்விட்டது. நல்ல மனிதர், சிரித்துவிட்டார். ஐந்தாவது முறையும் மாற்றினார்.

படி 5: மெஷினுக்கு அனுப்புதலும் தேதி சொல்லுதலும்

எழுத்தில் ஒப்புதல் வந்த பிறகே பிராசஸிங் ஆக்குங்கள். அப்போது வாடிக்கையாளருக்கு ஒரு மின்னஞ்சல் போகும். ஆன்லைனில் பணம் கட்டியவருக்கு இது இரண்டாவது முறை வரும் கடிதம். குழம்பாமல் இருக்க, அமைப்புகளில் 'ஈமெயில்ஸ்' பகுதிக்குப் போய் அந்தக் கடிதத்தின் அடியில், "புரூஃப் ஒப்புதலுக்குப் பிறகே அச்சு தொடங்கும்" என்று ஒரு வரி சேர்த்துவையுங்கள்.

தேதி சொல்வதில் மலைக்காரர்களுக்கு மட்டும் ஒரு கணக்கு உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கோவையிலிருந்து வர வேண்டிய கட்டு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. குளிரிலும் ஈரத்திலும் ஆஃப்செட் மை காய நேரம் எடுக்கும். காயாமல் அடுக்கினால் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். தாளும் ஈரம் குடித்துச் சுருளும். அதனால் மழை மாதங்களில் வழக்கமான நாளோடு மூன்று நாள் சேர்த்துச் சொல்கிறேன். மே மாத சீசனில் சாலை நெரிசலுக்காக இரண்டு நாள். ஜனவரியில் படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை நோட்டீஸ்கள் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து குவியும். அவற்றுக்குத் தேதியை நாம் சொல்வதில்லை, பண்டிகைதான் சொல்கிறது.

படி 6: முடித்தல்

கட்டு கட்டி மேலே ஆர்டர் எண்ணை எழுதுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால் பழுப்புத் தாளில் சுற்றி நூல் போடுகிறோம். மழைக்கு இரண்டு சுற்று. மீதிப் பணம் வந்து, கட்டு அவர் கைக்குப் போன பிறகுதான் கம்ப்ளீட்டட். அச்சு முடிந்ததுமே ஆக்கிவிட்டால், வாடிக்கையாளருக்கு முடிந்தது என்று மின்னஞ்சல் போய்விடும், மீதிப் பணம் நம் நினைவிலிருந்தும் போய்விடும்.

பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஆர்டரில் 'ரீஃபண்ட் மேனுவலி' அழுத்தினால் கணக்கில்தான் பதிவாகும். பணம் தானாகப் போகாது. வங்கியிலோ யுபிஐயிலோ நீங்கள்தான் அனுப்ப வேண்டும்.

இன்று மாலை கடை சாத்தும் முன், உங்கள் பெயரிலேயே 100 விசிட்டிங் கார்டுக்கு ஒரு ஆர்டர் போடுங்கள். உங்கள் மின்னஞ்சலுக்கு எந்த நிலையில் என்ன கடிதம் வருகிறது என்று பாருங்கள். இரண்டு வகைக் குறிப்பையும் எழுதிப் பாருங்கள். பிராசஸிங் ஆக்கிவிட்டு எண்ணிக்கையை மாற்றப் பாருங்கள்; மாறாது. ஆன் ஹோல்டுக்குக் கொண்டுவந்து மாற்றுங்கள். பழகியதும் அந்த ஆர்டரை அழித்துவிடுங்கள், இல்லையென்றால் காலையில் கடைப் பையன் அதை அடித்து வைத்திருப்பான். எங்கள் கடையில் அப்படி அடித்த கார்டு இன்னும் ஒரு கட்டு இருக்கிறது.