ஆலய வாசலைத் தாண்டியும் மரியாதை வேண்டும்

விசுவாசிகளிடம் நான் காணும் பெரிய தவறு, ஆளைப் பார்த்து மரியாதை கொடுப்பது. போதகரைக் கண்டால் கைகூப்பி "ஸ்தோத்திரங்க" என்கிறோம். அதே வாய், தெருவைப் பெருக்கும் வயதான அம்மாவை "ஏய், இங்க வா" என்று கூப்பிடுகிறது. ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் பழம் பறிக்க வரும் பெரியவரை முதலாளி வீட்டுச் சின்னப் பிள்ளை பேர் சொல்லி அழைத்தால், அது வீட்டுப் பெரியவர்களிடம் கற்றதுதான். வேதாகமத்தில் யாக்கோபு தன் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் இதைத்தான் கண்டிக்கிறார். பொன்மோதிரம் போட்டவருக்கு நல்ல இடம், கந்தைத் துணிக்காரருக்குக் காலடி. இந்தப் பட்சபாதத்தை அவர் பாவம் என்றே சொல்கிறார். வேலைக்கு வருபவரை அண்ணா, அக்கா, ஐயா என்று கூப்பிடுங்கள், உட்காரச் சொல்லுங்கள். தனி டம்ளர் வைக்கும் வழக்கம் வீட்டில் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். இதற்கு ஜெபித்துக் காத்திருக்கத் தேவையில்லை.

அடுத்தது மருத்துவமனை. நோயாளியைப் பார்க்கப் போவது நல்ல ஊழியம்தான். ஆனால் சேலம் பெரியாஸ்பத்திரி பொது வார்டில் பத்துப் பேர் ஒரு கட்டிலைச் சூழ்ந்து சத்தமாக ஜெபித்தால், பக்கத்துக் கட்டிலில் வலியோடு படுத்திருப்பவர் என்ன செய்வார்? இரண்டு பேர் போனால் போதும். "ஜெபிக்கட்டுங்களா?" என்று முதலில் கேளுங்கள். பார்வையற்ற பர்திமேயுவிடம் இயேசுவே, நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுத்தானே சுகமாக்கினார். அப்புறம், நோயாளியின் நோயை அவரைக் கேட்காமல் ஜெபக்குறிப்பாகச் சபையில் சொல்லாதீர்கள். ஜெபம் என்று பெயர் வைத்தாலும் அது புறங்கூறல்தான். வரும்போது நர்ஸுக்கும் ஒரு நன்றி சொல்லுங்கள். கர்த்தருக்கு நன்றி சொன்னதால் அந்தக் கடன் தீர்ந்துவிடாது.

சபையார் சேர்ந்து சாப்பிடும் அன்பின் விருந்தில் முந்திப் போய்ப் பந்தியில் உட்காருவதும் தவறே. சாப்பிடக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதியிருக்கிறார்.

வண்டி ஓட்டும்போதும் கவனம் வேண்டும். கண்ணாடியில் வசனம் ஒட்டிய காரை ஊரே பார்க்கிறது. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. பாரம் ஏற்றி வரும் லாரியை வளைவில் மடக்கி ஹாரன் அடிக்கிறவர், அந்த வசனத்தைத்தான் கெடுக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் பக்கத்து வீட்டு கேட்டை மறித்து நிறுத்துவதும் அப்படியே. அந்த வீட்டில் யாருக்காவது அவசரம் வரலாம். வேறு இடமே இல்லையென்றால் கதவைத் தட்டி அவர்களிடம் கேட்டுவிட்டு, போன் நம்பரைக் கண்ணாடியில் எழுதி வையுங்கள். கூப்பிட்டால், பிரசங்கத்தின் நடுவில் என்றாலும் எழுந்து போய் வண்டியை எடுங்கள்.