நான்கு நாடகம் போடும் வருடத்தில் சறுக்கும் இடங்கள்

அமெச்சூர் நாடகக் குழுவின் ஆண்டுத் திட்டக் கூட்டம் கலகலப்பாகத்தான் இருக்கும். ஒரு நகைச்சுவை, ஒரு சரித்திரம், குழந்தைகளுக்கு ஒன்று, 'வித்தியாசமாக' ஒன்று என்று நான்கு பெயர்கள் தாளில் ஏறிவிடும். யார் வேலை பார்ப்பது என்பது மட்டும் ஏறாது. பதினைந்து பேர் குழுவில் பதினான்கு பேர் நடிக்க வந்தவர்கள். மிச்சமிருக்கும் ஒருவரே நான்கு நாடகத்துக்கும் செட் சொல்லி, விளக்குக்காரரைப் பிடித்து, உடை வாடகைக்கு எடுத்து, டிபன் வாங்கி வருவார். இரண்டாவது நாடகம் முடிந்ததும் அவர் போனை எடுக்கமாட்டார். தவறுகளில் பெரியது இதுதான் என்பேன்.

வகை மாறினால் போதாது, பாரமும் மாறவேண்டும். சரித்திர நாடகத்துக்கு அடுத்தது நான்கு நாற்காலியில் முடிகிற நாடகமாக இருக்கட்டும். நாங்கள் ஒரு வருடம் இதைக் கேட்கவில்லை. ராஜசபைக்கு ஆறு தெர்மோகோல் தூண்கள் செய்தோம். அடுத்த காட்சி சிறைச்சாலை. படுதா விழுந்ததும் தூண்களைத் தூக்கிக்கொண்டு ஓடினால், மேடையின் பக்கவாட்டு மறைவிடமான விங்கில் இரண்டுக்குத்தான் இடம். மற்ற நான்கையும் இரண்டு காவலாளிகள் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். சிறைச்சாலைக்குள் கைதியை இழுத்துவர வேண்டியவர்களும் அவர்களே. நான்கு நிமிடம் ஆயிற்று. முன்வரிசையில் ஒருவர் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தது மேடைவரை கேட்டது. மேடையின் அகலத்தைக் கேட்காத குழு இல்லை. விங்கை அளந்த குழுவை நான் அதிகம் பார்த்ததில்லை.

தேதி விஷயத்தில் சென்னைக்காரர்களே ஏமாறுகிறார்கள். டிசம்பர் நடுவிலிருந்து சபா மேடைகள் கச்சேரிகளுக்குப் போய்விடும். மார்ச், பள்ளித் தேர்வு மாதம். குழந்தைகள் நாடகத்தை அங்கே வைத்தால் நடிக்கவும் பிள்ளைகள் வரமாட்டார்கள், பார்க்கவும் வரமாட்டார்கள். கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்துவதுபோன்ற கோடை நாடக விழாவைக் குறிவைப்பதானால், நாடகப் பிரதி பொங்கலுக்குள் கையில் இருக்கவேண்டும்.

அடுத்தது உரிமை. 'பழைய நாடகம்தானே' என்று எடுத்துவிடுகிறோம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. 1891-ல் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் 1964-ல் மறைந்தார். அந்தக் கணக்கில் 2024-ஓடு தடை நீங்குகிறது. வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் மறைந்தது 2011-ல். அவர் நாடகத்துக்கு அனுமதி கேட்டே ஆகவேண்டும். காளிதாசன் யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் நீங்கள் படித்த தமிழ் மொழிபெயர்ப்பு சொந்தமாக இருக்கலாம். இங்கேதான் நிறையப் பேர் விழுகிறார்கள்.

பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்து அனுமதி வாங்கவேண்டும் என்று இன்றும் சிலர் பயமுறுத்துவார்கள். அப்படிக் கேட்க இடம்கொடுத்த 1954-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல் சொல்லிவிட்டது. வழக்குத் தொடுத்தவர், நாடகக் குழு நடத்திவந்த 'பரீக்‌ஷா' ஞாநி. அரங்க வாடகை ரசீதைப் பத்திரமாக வையுங்கள், அது போதுமா என்று அரங்க நிர்வாகத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒத்திகையைப் பற்றி ஒன்றுதான். மொட்டைமாடியில் இரண்டு மாதம் பழகிவிட்டு, நாடகத்தன்று மதியம்தான் முதல்முறையாக மைக்கைப் பார்ப்பது. மேலிருந்து தொங்கும் மைக் மூன்று என்றால், மூன்று இடத்தில்தான் குரல் எடுபடும். பயந்த நடிகர் நகர்ந்து நகர்ந்து நடு மைக்கின் அடியில் வந்துவிடுவார், அடுத்தவரும் வருவார். காதலனும் காதலியும் மாமனாரும் ஒரே சதுர அடியில் நின்று சண்டை போடுவார்கள். ஒத்திகை இடத்தில் தரையில் சாக்பீஸால் மூன்று வட்டம் போடுங்கள். முதல் நாளிலிருந்தே.