பசுமைத் தொழில் கற்கும் பிள்ளைகள்: செட்டிநாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பசுமைத் திறன் பயிற்சி என்றாலே ஒரு மரக்கன்று, ஒரு பதாகை, சாயங்காலம் ஒரு சான்றிதழ் என்று பல இடங்களில் முடிந்துவிடுகிறது. அந்தச் சான்றிதழோடு ஒரு வீட்டு மாடியில் ஏறி நிற்கும் பிள்ளைக்கு எதை அளப்பது, எதைத் தொடக்கூடாது, எங்கே பழுது வரும் என்பது தெரியாவிட்டால், அந்த வேலைக்கு ஆள் வெளியூரிலிருந்துதான் வருவார். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் சுற்றுவட்டாரத்தில் இப்படிப்பட்ட பயிற்சியை நடத்துபவர்களும் அதில் சேருபவர்களும் வழக்கமாகச் சறுக்கும் இடங்களைப் பார்ப்போம்.

பழைய வீட்டுக் கூரையைப் புரிந்துகொள்ளாமல் சோலார் கற்பது

பயிற்சிக் கூடத்தில் இருப்பது புதுக் கான்கிரீட் தளம். நம் ஊரில் இருப்பதோ முற்றத்தை நோக்கிச் சரியும் நாட்டோட்டுக் கூரையும், மரக்கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸும். கான்கிரீட்டில் செய்வதுபோலவே டெரஸில் டிரில் போட்டு ஆங்கர் போல்ட் இறக்குவதுதான் இங்கே நடக்கும் மிகப்பெரிய தவறு. போல்ட் பிடிக்கக் கெட்டியான கான்கிரீட் அங்கே இல்லை. காற்றில் சட்டம் அசைய அசையத் துளை பெரிதாகும், ஐப்பசி மழை அதன் வழியே இறங்கும், கட்டையின் தலைப்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் உளுத்துப்போகும். துளை போடாமல் கான்கிரீட் கட்டைகளைப் பாரமாக வைப்பதும் தீர்வாகாது. 540 வாட் பேனல் ஒன்றே ஏறக்குறைய 27 கிலோ இருக்கும். 3 கிலோவாட்டுக்கு ஆறு பேனல், அதோடு இரும்புச் சட்டம், அதற்குமேல் பாரக்கட்டைகள். நூறு வருஷத்துக் கட்டைகளின் மேல் இதை ஏற்றலாமா என்பதைக் கட்டுமானப் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகளில் பின்கட்டுத் தோட்டத்திலோ வண்டி நிறுத்தும் இடத்திலோ தனித் தூண் நாட்டிக் கொட்டகை போல அமைப்பதே நல்லது. 3 கிலோவாட்டுக்குச் சுமார் 300 சதுர அடி போதும்.

அடுத்தது நிழல். காரைக்குடி ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. பேனலைத் தெற்கு நோக்கி 10 டிகிரி சாய்வில் வைத்தால் சரியாக இருக்கும். ஆனால் ஆனி மாதத்தில் வந்து இடம் பார்த்துவிட்டு 'நிழலே இல்லை' என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். ஆனியில் மதியச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். மார்கழியில் உச்சியிலிருந்து தெற்கே 33 டிகிரி இறங்கிவிடும். அப்போது தெற்குப் பக்கம் 10 அடி உயரத்தில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் நிழல், உச்சிவேளையிலேயே ஆறரை அடி நீளத்துக்கு விழும். தொடராக இணைத்த பேனல்களில் ஒன்றின் மேல் தென்னங்கீற்று நிழல் பட்டாலும் அந்த வரிசையின் உற்பத்தி மொத்தமும் குறையும். இந்தக் கணக்கை மாணவர் ஒரு முழக்கோலும் கயிறும் வைத்துத் தானே போட்டுப் பார்க்க வேண்டும்.

உயிருக்கு ஆபத்தான தவறு டிசி பக்கத்தில், அதாவது பேனலிலிருந்து இன்வெர்ட்டர் வரை ஒரே திசையில் மின்சாரம் ஓடும் பகுதியில், இருக்கிறது. ஆறு பேனலைத் தொடராக இணைத்தால் 300 வோல்ட்டை நெருங்கும். வீட்டு ஏசி மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொட்டுச் செல்வதால் சுவிட்சைப் பிரிக்கும்போது பொறி தானே அணையும். டிசியில் அந்த இடைவெளி கிடையாது, பொறி நீண்டு எரியும். அதனால்தான் டிசி பக்கத்தில் ஏசிக்கான எம்சிபி (தானே விழும் பாதுகாப்பு சுவிட்ச்) போடக்கூடாது, லோடு ஓடும்போது பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரைப் பிடுங்கக்கூடாது. முதலில் இன்வெர்ட்டரை நிறுத்தி, இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சான டிசி ஐசொலேட்டரை அணைத்து, வயரைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரில் கரண்ட் பூஜ்ஜியம் என்று பார்த்த பிறகே கனெக்டரில் கை வைக்க வேண்டும். கனெக்டரைக் கட்டிங் பிளையரில் நசுக்கிப் பொருத்துவது இன்னொரு கெட்ட பழக்கம். பிடிமானம் தளர்ந்து சூடேறும், பிளாஸ்டிக் உருகும். அதற்கென்று உள்ள கிரிம்பிங் கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆண் முனை ஒரு கம்பெனி, பெண் முனை வேறு கம்பெனி என்று கலக்கவும் கூடாது.

3 கிலோவாட் அமைப்பு நல்ல வெயிலில் நாளுக்கு 12 யூனிட் தர வேண்டும். 8 யூனிட்தான் வருகிறது என்றால் எங்கிருந்து தேடத் தொடங்குவது? இதைக் கற்றுத்தராத பயிற்சி அரைகுறை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அதை நம்பி மாட்டிய வீடுகளுக்குப் பராமரிப்பு ஆள் வேண்டுமே! உப்பான போர்வெல் தண்ணீரில் கழுவியதால் கண்ணாடியில் படிந்த வெள்ளைத் திட்டுதான் பல நேரம் காரணம். நல்ல தண்ணீரில், காலை 7 மணிக்குள் கழுவச் சொல்லிக்கொடுங்கள். உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விடலாம்.

சுண்ணாம்பு வேலையைப் பசுமைத் தொழிலாக எண்ணாதது

பசுமைத் தொழில் பட்டியலில் சோலார் இருக்கும், மின்வண்டி இருக்கும். கொத்தனார் இருக்க மாட்டார். இருக்கும் வீட்டை இடிக்காமல் காப்பாற்றுவதைவிடக் கார்பனை மிச்சப்படுத்தும் வேலை இந்த ஊரில் என்ன இருக்கிறது? அந்தக் கை தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது.

பழைய சுவரில் பூச்சு உதிர்ந்தால் சிமென்ட் பூசுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், தன் மேற்பரப்பு வழியாக வெளியே விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது, அதோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிறது, இரண்டு மூன்று மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாக விழுகிறது. முதலில் சிமென்ட்டைக் கொத்தி எடுத்து, இணைப்புகளைச் சுரண்டி, சுவரை நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக் குழைவுக்கு மூன்று பங்கு சலித்த மணல் சேர்த்து, 10 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் முதல் பூச்சு. ஒரு வாரமாவது தண்ணீர் தெளித்து, வெயில் நேரே படாமல் சாக்குத் தொங்கவிட வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துத்தான் இறுகும். அதற்கு ஈரமும் நாளும் வேண்டும். அவசரப்பட்டால் தலைமயிர் போல விரிசல் ஓடும். கலவையில் சேர்க்கும் கடுக்காய், கருப்பட்டி ஊறல் எவ்வளவு என்பதைப் பெரிய கொத்தனாரிடம் கேட்டு, முதலில் இரண்டுக்கு இரண்டு அடியில் பூசிப் பார்த்துவிட்டே சுவருக்குப் போகலாம்.

சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது தண்ணீரில்தான் கல்லைப் போட வேண்டும். கல்லின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி இளகிவிடும், செங்கல் தொட்டியோ இரும்பு டிரம்மோ வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி மாட்டாமல் யாரும் பக்கத்தில் நிற்கக்கூடாது. கண்ணில் பட்டால் கசக்காமல் 20 நிமிடம் சுத்தத் தண்ணீரில் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கல்லைப் போட்டதும் சீறவில்லையென்றால் அது காற்றுப்பட்டுச் செத்த சுண்ணாம்பு. வாங்காதீர்கள்.

இதில் இன்னொன்று மனதை உறுத்துகிறது. வருஷக்கணக்கில் காரை குழைக்கும் சித்தாள் பெண்களுக்குக் கலவையின் பதம் கைக்கே தெரியும். ஆனால் கரண்டியை அவர்கள் கையில் கொடுப்பதில்லை. பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போது முதல் இடம் அவர்களுடைய பெண்பிள்ளைகளுக்கு இருக்கட்டும்.

பேட்டரியை வீடியோ பார்த்துப் பிரிப்பது

பேட்டரி ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953 முதல் காரைக்குடியிலேயே இயங்குகிறது. அப்படிப்பட்ட ஊரில் பிள்ளைகள் அரைகுறையாகக் கற்க வேண்டியதில்லை. மின் ஸ்கூட்டரில் '48 வோல்ட்' என்று எழுதியிருந்தால் எந்த 48 வோல்ட் சார்ஜரும் பொருந்தும் என்று நினைப்பது தவறு. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்எம்சி வகை லித்தியம் பேட்டரியில் 13 செல் தொடர், முழு சார்ஜ் 54.6 வோல்ட். லித்தியம் இரும்பு பாஸ்பேட் கொண்ட எல்எஃப்பி வகையில் 16 செல் என்றால் 58.4 வோல்ட். பின்னதன் சார்ஜரை முன்னதில் செருகினால், பேட்டரிக்குள் இருக்கும் காவல் சுற்றான பிஎம்எஸ் தடுக்காத பட்சத்தில் தீதான். செல்லின் மேல் நேரடியாகச் சால்டர் வைப்பதும் ஆபத்து, ஸ்பாட் வெல்டிங் மட்டுமே. உப்பிய செல்லை யாரும் 'சரிசெய்ய' வேண்டாம்.

கன்று நடுவதும் ஊருணி தூர்வாருவதும்

கன்றைச் சித்திரையில் நட்டுப் படம் எடுக்காதீர்கள். புரட்டாசியில் இரண்டடிக் குழி எடுத்து, பாலித்தீன் பையை முழுதாக உரித்து, ஆடு கடிக்காத வேலியோடு நடுங்கள். சீமைக் கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். மண்ணுக்குள் ஓர் அடி தோண்டி வேர்த்தலையோடு எடுக்க வேண்டும்.

ஊருணி தூர்வாரும் முகாமில் ஆழம்தான் சாதனை என்று பொக்லைனை விடுகிறார்கள். வண்டலைத் தாண்டி அடியிலுள்ள களிமண் படுகையைக் கிழித்துவிட்டால் தண்ணீர் நிற்காது. முதலில் நாலு இடத்தில் சிறு குழி எடுத்து, வண்டல் எத்தனை அடி, களி எங்கே தொடங்குகிறது என்று குறிக்க வேண்டும். அதற்கும் முன்னால் வரத்துக்கால். தெருத் தண்ணீர் ஊருணிக்கு வந்து சேரும் வழியில் ஏதோ ஓரிடத்தில் மேடு தட்டியிருந்தால், எவ்வளவு தோண்டினாலும் வீண். அதைக் கண்டுபிடிக்க 30 அடி டியூப் லெவல் (மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்) போதும். 20 அடிக்கு ஒரு குச்சி நட்டு மட்டத்தைக் குறித்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். ஐப்பசியில் முதல் பெருமழை அன்று அதே பிள்ளைகள் குடையோடு போய், தண்ணீர் எந்தக் குச்சியில் தேங்கி நிற்கிறது என்று பார்த்தால், மண்வெட்டி எங்கே விழ வேண்டும் என்பது தெரிந்துவிடும்.