தலைவர் பதவி உங்களுக்குச் சரிவருமா? தலையாட்டும் முன் பார்க்க வேண்டியவை

நம்ம இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தலைவரைத் தேடும் முறை ரொம்பச் சுலபம். கூட்டத்தில் யார் கூச்சமில்லாமல் பேசுகிறாரோ அவர், இல்லாவிட்டால் ஏ.எல். (உயர்தரம்) முடித்து, சிங்களமும் தெரிந்த ஒரு பொடியன். அந்த வேலை அவருக்கு ஒத்துவருமா என்று யாரும் கேட்பதில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொள்வதில்லை. கொஞ்ச நாளில் போன் எடுக்கமாட்டார், ஆட்கள் கண்ணில் படாமல் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) பின்பக்கமாக வீட்டுக்குப் போவார். கோயில் கமிட்டியோ மரண உதவிச் சங்கமோ தொழிற்சங்கக் கமிட்டியோ, எதிலாவது உங்கள் பெயர் அடிபடுகிறது என்றால் இதைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள்.

முதலில், ஆட்கள் உங்களிடம் என்ன கேட்டு வருகிறார்கள் என்று கவனியுங்கள். "இந்த போர்மை நிரப்பிக் கொடு", "ஆஸ்பத்திரிக்குக் கூட வா" என்று வந்தால் உங்கள் உழைப்பை நம்புகிறார்கள். "இதுக்கு என்ன செய்யலாம், நீ சொல்லு" என்று, அதுவும் உங்களைவிட மூத்தவர்கள் வந்து கேட்டால், உங்கள் முடிவை நம்புகிறார்கள். எது அதிகம் என்று பாருங்கள். பேச்சுத் திறமையை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

அடுத்தது கொழுந்து நிறுக்கும் இடம். ஈரக் கொழுந்து என்று சொல்லி நியாயத்துக்கு மேல் கிலோ கழிக்கிற நாளில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஒருத்தர் தராசுக்கு முன்னால் போய் நின்று, "ஐயா, இது என்ன கணக்கு?" என்று கேட்டுவிடுவார். இன்னொருத்தர் வாயே திறக்கமாட்டார், ஆனால் யார் யாருக்கு எத்தனை கிலோ வெட்டினார்கள் என்று அந்த வாரம் முழுக்க மகளின் பழைய கொப்பியில் எழுதி வைத்திருப்பார். அந்தக் கொப்பி இல்லாமல் முதல் ஆள் ஆபீசுக்குப் போனால், துரை, அதாவது தோட்ட மேனேஜர், இரண்டு கேள்வி கேட்டு அனுப்பிவிடுவார். ஆனால் முதல் ஆளுக்கு இன்னொரு கஷ்டமும் இருக்கிறது: சண்டை போட்ட மறுநாள் காலைப் பெரட்டில் (வேலை பிரிக்கிற இடத்தில்) கிலோ கழித்த அதே கணக்கப்பிள்ளைக்கு முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் நிற்க வேண்டும், அடுத்த பிரச்சினைக்கும் அவரிடம்தானே போக வேண்டும். ஒரு வாய்ச்சண்டைக்கே நாலு நாள் தூக்கம் கெடுகிற ஆள் என்றால் கொப்பி உங்கள் கையில் இருப்பதுதான் எல்லாருக்கும் நல்லது.

என்னைக் கேட்டால் சரியான சோதனை மழை இரவுதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை அளவுகள் இந்தப் பக்கம் பலருக்குத் தெரியும்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இரு, 100 தாண்டினால் வெளியேறத் தயாராகு, 150 தாண்டினால் வெளியேறு. காகிதத்தில் இது சரி. கரண்ட் போன பிறகு, நடுச்சாமத்தில், மேல் லயத்துக் கானில் (வடிகாலில்) தண்ணீர் சேறாகக் கலங்கி வரும்போது, தூங்குகிற குடும்பங்களை எழுப்பிப் பாடசாலைக்குக் கூட்டிப்போவதா வேண்டாமா என்று ஒரு ஆள் சொல்லியாக வேண்டும். கூட்டிப்போய் ஒன்றும் நடக்கவில்லை என்றால் விடிந்ததும் "பச்சைப்பிள்ளையை மழையில நனைய வச்சிட்டான்" என்று ஏச்சு விழும். கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே சொல்லப்பட்டுத்தான் இருந்தது. பாதித் தகவலை வைத்து முடிவெடுத்து, அது வீணாய்ப் போனதற்கு ஏச்சும் வாங்கி, அடுத்த மழைக்கும் போய் அதே கதவைத் தட்ட உங்களால் முடியுமா? முடியும் என்றால் தலைமை உங்களுக்கு ஒத்துவரும், மேடையில் நாக்குக் குழறினாலும் பரவாயில்லை.

முடியாது என்று தோன்றினால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நடக்கமுடியாத பாட்டி எந்தக் காம்பிராவில் (லயத்து அறையில்) இருக்கிறார், யாருக்கு இன்சுலின் எடுக்க வேண்டும், பாடசாலைச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்த ஒருத்தர் இல்லாவிட்டால், "எல்லாரும் கிளம்புங்க" என்ற சத்தம் வெறும் சத்தம்தான்.

பெண்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள், தோட்டத் தலைவர் நாற்காலியில் மட்டும் அநேகமாக ஆண். அதனால் "எனக்குப் பின்னால் இருந்து உதவுவதுதான் வரும்" என்று ஒரு பெண் சொன்னால், அது அவர் சுபாவமா, இதுவரை முன்னால் நிற்கவே விடாத பழக்கமா என்று எனக்குச் சந்தேகம் வரும். கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டிய காலத்தில் அவர் மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் தானே பாட்டு எழுதிப் பாடி ஆட்களைச் சேர்த்தார். அதைத் துணை வேலை என்று ஒதுக்க எனக்கு மனசு வராது.

இதையெல்லாம் யோசித்தும் பிடிபடவில்லையா? சரி, சின்னதாக ஒன்றைச் செய்து பாருங்கள். திருவிழா அன்னதானம் மாதிரி முடிவுத் தேதி உள்ள ஒரு பொறுப்பை எடுத்து நடத்துங்கள். அப்புறம் அடுத்த வேலையில் உங்களைவிட வயதில் குறைந்த ஒருவருக்குக் கீழே, அவர் சொல்கிறபடி செய்யுங்கள். இரண்டாவதைத் தாங்க முடியாதவர் முதலாவதுக்கும் லாயக்கில்லை என்பது என் கட்சி. முடிந்த பிறகு கருத்துக் கேட்கப் போவதென்றால் கூட்டாளியிடம் போகாதீர்கள், அவன் தோளில் தட்டி அனுப்பிவிடுவான். அன்று உங்களோடு முறுகிக்கொண்ட ஆளிடம் போய், "அண்ணே, அடுத்த தடவையும் என் கூட நிப்பீங்களா?" என்று மட்டும் கேளுங்கள்.

கடைசியாக, வேண்டாம் என்று சொல்வது. கூட்டத்தில் யாராவது உங்கள் பெயரைக் கத்திவிட்டால் மற்றவர்கள் கை தூக்குவதற்கு முன்பே எழுந்துவிடுங்கள். "எனக்கு வராது" என்றால் தன்னடக்கம் என்று நினைத்து இன்னும் பலமாகக் கைதட்டுவார்கள். "தலைவர் வேலை வேண்டாம், கணக்குப் புத்தகத்தைக் கொடுங்க, மாசாமாசம் கோயில் சுவத்துல ஒட்டுறேன்" என்று எதை ஏற்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதை மாலை கழுத்தில் விழுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.