பல மொழிக்காரர்கள் உள்ள வாட்ஸ்அப் குழு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் இப்போது எந்த வேலையைத் தொடங்கினாலும் முதலில் ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கிவிடுகிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒன்று, கொலுசுப் பட்டறைக்கு ஒன்று, ஜவ்வரிசி ஆலை ஷிப்டுக்கு ஒன்று, காபி எஸ்டேட்டுக்கு ஒன்று. நான் பல இடங்களுக்குக் கணக்கு எழுதுகிறவன். அதனால் எல்லாவற்றிலும் என் எண்ணைச் சேர்த்துவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் நிர்வாகிப் பொறுப்பும் தானாக வந்து சேர்ந்துவிடும். புதிதாகக் குழு நடத்துகிறவர்களைக் கவனிக்கிறேன். பழைய ஆட்களான நாங்கள் எந்தெந்த இடத்தில் தடுக்கி விழுந்தோமோ, அதே இடங்களில்தான் அவர்களும் விழுகிறார்கள்.

காலை வணக்கப் படம் போடக்கூடாது, நடு இரவில் செய்தி போடக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அதை விட்டுவிடுகிறேன். ஒரே குழுவில் நான்கு மொழிக்காரர்கள் இருந்தால் என்ன செய்யக்கூடாது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

தாய்மொழி என்ன என்று கேட்டுவிட்டு, எந்த எழுத்து படிக்கத் தெரியும் என்று கேட்காமல் விடுவது

சேலத்தில் இது ரொம்ப முக்கியம். வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் நெசவுக் குடும்பங்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசுகிற குடும்பங்களும் அப்படித்தான். இவர்களில் பெரும்பாலோர் தமிழில் படித்து வளர்ந்தவர்கள். பாட்டியிடம் தெலுங்கில் பேசுகிறவருக்குத் தெலுங்கு எழுத்தில் ஒரு அறிவிப்பைப் போட்டால் மரியாதையாக நன்றி சொல்வார், ஆனால் படிக்க முடியாது.

இன்னொரு பக்கம், பீகாரிலிருந்து வந்து பல வருஷமாக இங்கே வேலை செய்யும் பையன் சேலம் தமிழை அட்சரசுத்தமாகப் பேசுவான். "ஏனுங்க, லோடு எப்ப வருதுங்க?" என்று அவன் கேட்டால் வெளியூர் ஆள் என்றே தெரியாது. ஆனால் தமிழ் எழுத்தில் ஒன்றுகூடப் படிக்கத் தெரியாது. தமிழ் தெரிந்த ஆள்தானே என்று நீளமாகத் தமிழில் எழுதிவிட்டு நிர்வாகி நிம்மதியாக இருப்பார். அந்தப் பையன் யாரையாவது பிடித்துப் படித்துக் காட்டச் சொல்லிக்கொண்டிருப்பான்.

ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவதைப் பற்றி வரும் சண்டைக்கும் இதே பதில்தான். எனக்குத் தமிழைத் தமிழ் எழுத்தில் பார்ப்பதுதான் பிடிக்கும். ஆனால் காதால் தமிழ் தெரிந்து, கண்ணால் ஆங்கில எழுத்து மட்டும் தெரிந்தவர்கள் குழுவில் இருந்தால், அவர்களுக்குப் புரியும் ஒரே வழி அதுதான். அதே குழுவில் பார்வையற்றவர் ஒருவர் இருந்தால் நிலைமை தலைகீழ். கைபேசியின் வாசிப்புக் குரல், ஆங்கில எழுத்தில் உள்ள தமிழை ஆங்கிலமாக நினைத்து வாசிக்கும், ஒன்றும் விளங்காது. அதனால் பொதுச் சட்டம் எதுவும் போட வேண்டாம். ஆளைச் சேர்க்கும்போதே "எந்த எழுத்து படிப்பீங்க?" என்று தனியாகக் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சு ஒரு மொழியில் நடந்து, முடிவு இன்னொரு மொழியில் எடுக்கப்படுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது இதுதான். மற்ற தவறுகளில் மனத்தாங்கல் வரும், சரியாகிவிடும். இதில் பொருளும் போகும், குற்றமில்லாத ஆள் மேல் பழியும் விழும்.

மலைமேல் ஒரு காபி எஸ்டேட். டிசம்பர் மாதம், பழம் எடுப்பு மும்முரமாக இருந்த நேரம். குழுவில் பெங்களூரில் இருக்கும் முதலாளி, அவருடைய பங்காளி, கண்டக்டர் (எஸ்டேட் மேற்பார்வையாளர்), மேஸ்திரி, டிராக்டர் ஓட்டுநர், ஜார்க்கண்ட் ஆட்களின் தலைவர், கணக்குக்கு நான். காலையில் செய்தி தமிழில் வந்தது: இன்று கிழக்குச் சரிவில் எடுப்பு, மாலை 4 மணிக்கு டிராக்டர், பழம் நம் பல்ப்பருக்கு. பல்ப்பர் என்பது பழத்தின் தோலை நீக்கும் இயந்திரம். ஜார்க்கண்ட் ஆட்களுக்கு அதையே மேஸ்திரி வாயால் சொல்லிவிட்டார். எல்லாம் ஒழுங்கு.

மதியம் பல்ப்பர் மோட்டார் எரிந்துபோனது. கண்டக்டர் அதைத் தமிழில் போட்டார். முதலாளியும் பங்காளியும் கன்னடத்தில், கன்னட எழுத்தில், ஒரு இருபது செய்தி பேசிக்கொண்டார்கள். இன்றைய பழத்தைப் பக்கத்து எஸ்டேட் பல்ப்பருக்கு அனுப்பிவிடலாம், அவர்களிடம் பேசியாகிவிட்டது, டிராக்டர் 3 மணிக்கே கிளம்ப வேண்டும் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. கடைசியில் ஒரு கட்டைவிரல் படம். அவர்களைப் பொறுத்தவரை குழுவில் சொல்லியாகிவிட்டது.

மேஸ்திரி என்ன பார்த்தார்? புரியாத எழுத்தில் வரிசையாகச் செய்திகள். பங்காளிகளின் வீட்டுப் பேச்சு என்று நினைத்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். காலையில் சொன்னபடி 4 மணிக்குப் பழம் ஏறியது, எரிந்துபோன பல்ப்பர் கொட்டகை வாசலில் மூட்டை மூட்டையாக இறங்கியது. மோட்டார் ராத்திரிக்குள் சரியாகிவிடும் என்று மேஸ்திரியும் ஆட்களும் நம்பியிருந்தார்கள்.

அராபிகா வகைக் காபிப் பழத்தை எடுத்த அன்றே தோல் நீக்கிவிட வேண்டும். தோல் நீக்கிய கொட்டையின் வழவழப்பு போக ஒரு நாளோ ஒன்றரை நாளோ தொட்டியில் புளிக்கவிட்டுக் கழுவுவது வேறு, அது கணக்காகச் செய்வது. பழமாகவே மூட்டையில் கட்டி வைத்தால் உள்ளே சூடேறித் தன் போக்கில் புளித்துவிடும். மறுநாள் காலை மூட்டைக்குள் கைவிட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. புளித்த வாடை. பார்ச்மென்டாக, அதாவது தோல் நீக்கிக் கழுவிக் காயவைத்த கொட்டையாக, விற்க வேண்டிய அந்த லாட்டைத் தனியாகப் பிரித்து, பழத்தோடு காயவைத்து, செர்ரியாகக் குறைந்த விலைக்குக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

நட்டத்தைவிட எனக்குப் பொறுக்காதது அதற்கு அப்புறம் நடந்தது. "குரூப்லதான் போட்டோமே, நீ பார்த்திருக்கியே, நீல டிக் இருக்கே" என்று மேஸ்திரியைப் பிடித்து நிறுத்திக் கேட்டார்கள். நீல டிக் என்றால் செய்தியைத் திறந்தார் என்று மட்டும்தான் அர்த்தம். புரிந்துகொண்டார் என்பதற்கு அது சாட்சி ஆகாது. அந்த மனிதர் பதில் சொல்லத் தெரியாமல் நின்றார். படிக்க முடியாத எழுத்தில் வந்ததைப் படிக்கவில்லை என்பது குற்றமா?

இதே கதையை இப்போது வேறு இடங்களில் பார்க்கிறேன். பட்டறைக் குழுவில் வியாபாரிகள் இரண்டு பேர் மார்வாடியில் பேசி, கொலுசின் எடையை மாற்றிவிடுகிறார்கள். பட்டறைக்காரர் பழைய எடையில் செய்து முடித்துவிடுகிறார். குடியிருப்புக் குழுவில் நான்கு பேர் ஆங்கிலத்தில் பேசித் தொட்டி கழுவும் நாளை மாற்றிவிடுகிறார்கள். மேட்டூர் தண்ணீர் வரும் நாளாகப் பார்த்துத் தொட்டி காலியாகக் கிடக்கிறது, மோட்டார் போடுகிற காவலாளிக்குத் தகவலே தெரியாது.

யார் எந்த மொழியில் பேசினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. பங்காளிகள் கன்னடத்தில் யோசித்தது இயல்பு. யோசனை எந்த மொழியிலும் நடக்கலாம், முடிவு மட்டும் அந்த வேலையைச் செய்யப் போகிறவர் படிக்கும் மொழியில் வர வேண்டும். நான் நிர்வாகியாக இருக்கும் குழுக்களில் இப்படித்தான் செய்கிறோம்:

பழைய உத்தரவைத் தொட்டு, அதற்கு 'ரிப்ளை'யாகவே புதியதை எழுத வேண்டும். அப்போதுதான் எது ரத்தானது என்று தெரியும். யார், என்ன, எங்கே, எத்தனை மணிக்கு, இவ்வளவு போதும். தமிழில் ஒருமுறை, தேவைப்பட்டால் இந்தியில் ஒருமுறை, இரண்டும் ஒரே செய்தியில். மேலே பின் செய்து வைத்திருக்கும் பழைய செய்தியை எடுத்துவிட்டுப் புதியதைப் பின் செய்யவும். அப்புறம், கட்டைவிரல் படத்தைப் பதிலாக ஏற்றுக்கொள்ள வேண்டாம். "அண்ணா, பழம் எங்க இறக்கணும்?" என்று திருப்பிக் கேளுங்கள். அவர் வாயால் இடத்தின் பெயர் வந்தால்தான் செய்தி போய்ச் சேர்ந்திருக்கிறது.

மொழிபெயர்ப்பு வசதி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவது

2025 செப்டம்பரில் வாட்ஸ்அப் தன் உள்ளேயே செய்திகளை மொழிபெயர்க்கும் வசதியைக் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டில் தொடங்கியபோது இருந்த ஆறு மொழிகளில் இந்தி இருந்தது, தமிழ் இல்லை. வேறு செயலிகளில் தமிழும் கிடைக்கிறது, நானே பயன்படுத்துகிறேன். ஆனால் "மேட்டுல இருக்கறத கீழ கொண்டாந்து வெச்சிரு" என்று பேச்சுத் தமிழில் எழுதியதை இயந்திரத்திடம் கொடுத்தால் எது வரும் என்று சொல்ல முடியாது. அதில் போடுவதாக இருந்தால் முதலில் நீங்கள் எழுதுவதை முழு வாக்கியமாக, சுருக்கம் இல்லாமல் எழுதுங்கள். பணம், எடை, மருந்து அளவு, மின்சாரம் சம்பந்தப்பட்ட செய்தி என்றால் அந்த மொழிக்காரர் ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். ஒரு நிமிஷ வேலை.

எண்ணுக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். கொலுசுக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளில் மாதிரியின் படம், எடை, டச் (வெள்ளியின் தூய்மை அளவு), கொடுக்க வேண்டிய தேதி, நான்கையும் எண்ணோடு போட்டுவிட்டால் எந்த மொழிக்காரரும் வேலையைத் தொடங்கிவிடுவார். "நாளைக்கு", "அடுத்த வாரம்" என்று எழுதுவதைவிடத் தேதியைப் போடுவது எப்போதும் நல்லது.

"தமிழ்ல பேசு" என்று குழுவிலேயே அதட்டுவது

மொழி என்றால் நமக்குச் சூடு ஏறும், அதற்குக் காரணமும் உண்டு. பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி 1938இல் பெரும் எதிர்ப்பைச் சந்தித்த ராஜாஜி, சேலத்தில் வக்கீலாக இருந்து இந்த நகராட்சிக்குத் தலைவராகவும் இருந்தவர். 1940இல் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. 1965ஐ நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் நம் குழுக்களிலேயே இருக்கிறார்கள். அந்த உணர்வை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், எனக்கும் அது உண்டு.

ஆனால் அது அரசாங்கம் மேலிருந்து திணித்ததற்கு எதிரான போராட்டம். ஆலைக் கொட்டகையில் தங்கியிருக்கும் தொழிலாளி "தண்ணீர் வரவில்லை" என்று தனக்குத் தெரிந்த இந்தியில் போடுவதை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவரைப் பத்துப் பேர் பார்க்க அதட்டினால் அடுத்த முறை அவர் தமிழில் எழுதப் போவதில்லை, எதையும் எழுதாமல் விட்டுவிடுவார். அப்புறம் குழாய் உடைந்தாலும், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

ஐஆர்சி என்ற பழைய இணைய அரட்டை அறைகளில் இதற்கு ஒரு நல்ல வழக்கம் இருந்தது. உபுண்டு என்ற கணினி இயங்குதளத்துக்கான உதவி அறையில் பேச்சு ஆங்கிலத்தில் நடக்கும். ஒருவர் பிரெஞ்சிலோ ஸ்பானிஷிலோ கேட்டால், அந்த மொழிக்கென்று இருக்கும் அறையின் பெயரைச் சொல்லி அங்கே அனுப்பிவைப்பார்கள். நாமும் அதைச் செய்யலாம். இந்தியில் பேச ஒரு சின்னக் குழு, அதில் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர், பெரிய குழுவுக்குச் செய்தியைக் கொண்டுவரும் பொறுப்பு அவருக்கு. அந்த வேலைக்கு அவருக்கு ஏதாவது படி கொடுங்கள். சும்மா வாங்கிக்கொள்ளும் வேலை இல்லை அது.

ஆங்கிலம் என்றால் எல்லோருக்கும் பொது என்று நினைப்பது

ஆங்கிலத்தில் போடும் செய்திகளுக்குக் குழுவில் யார் பதில் போடுகிறார்கள் என்று ஒரு வாரம் பாருங்கள். அதே ஐந்து பேர்தான் இருப்பார்கள்.

குரல் பதிவு மட்டும் அனுப்புவது

எழுத்து தெரியாதவர்களுக்குக் குரல் பதிவு பெரிய உதவி, கட்டாயம் அனுப்புங்கள். ஆனால் நூல் மில்லிலும் பட்டறையிலும் சத்தத்தில் கேட்காது, பிறகு தேடினாலும் கிடைக்காது. கூடவே இடத்தையும் நேரத்தையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஒருவரின் எழுத்துப்பிழையைக் குழுவில் திருத்துவது

வேண்டாம். தனியாகக்கூட அவர் கேட்டால்தான்.

"வடக்கன்" என்று எழுதுவது

நான் பார்த்த உடனே அழித்துவிடுவேன். ஆளுக்குப் பெயர் இருக்கிறது.

அவசரச் செய்தியைப் படமாக அனுப்பிவிட்டுப் போவது

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தபோது குழுக்களில் வந்ததில் பாதி, அறிவிப்புத் தாளைப் படம் எடுத்து அனுப்பியது. படத்தில் உள்ள எழுத்தைத் தேட முடியாது, சின்னக் கைபேசியில் படிக்க முடியாது, வேறு மொழிக்காரர் நகலெடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் போடுவதும் சுலபமில்லை. படத்தை அனுப்புங்கள், கீழே எழுத்திலும் போடுங்கள். அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கின்றன, எந்த வளைவு என்று எண்ணைப் போடுங்கள். மலைக்குப் போகும் மாற்றுப் பாதையான குப்பனூர் வழி திறந்திருக்கிறதா இல்லையா என்பதைத் தமிழிலும் இந்தியிலும் ஒவ்வொரு வரி. எழுதிய நேரத்தையும் கட்டாயம் போட வேண்டும், இரண்டு மணி நேரம் கழித்து அதையே யாராவது வேறு குழுவுக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்கள். பாதை திறந்ததும், மூடியதைச் சொன்ன அதே மொழிகள் எல்லாவற்றிலும் திறந்ததையும் சொல்லுங்கள்.