தமிழ் விமர்சனங்களை மாடலுக்குத் தருவதற்கு முன்: போஸ்ட்கிரெஸில் செய்ய வேண்டியவை

உணவக விமர்சனங்களை 'நல்லது', 'மோசம்' என்று பிரிக்கும் மாடல் ஒன்றைப் பழக்கப்போகிறீர்கள், விமர்சனங்கள் எல்லாம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். டேட்டாபேஸ் எதைச் சொல் என்று பிரித்துத் தருகிறதோ, அதைத்தான் மாடல் எண்ணும். அந்தப் பிரிப்பை முதலில் சரிசெய்வோம்.

படி 1: எழுத்துகளை டேட்டாபேஸ் சேமிக்கும் முறை, அதாவது என்கோடிங், யூடிஎஃப்-8 தானா என்று பாருங்கள். அப்புறம், 'கொத்து' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, மாடலுக்கோ அவை இரண்டு வேறு சொற்கள். போஸ்ட்கிரெஸ் 13ஆம் பதிப்பில் வந்த நார்மலைஸ் ஃபங்ஷனால் எல்லாவற்றையும், இப்படிப்பட்ட குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

படி 2: சொற்களின் விகுதிகளை வெட்டும் தமிழ் ஸ்டெம்மர் 12ஆம் பதிப்பிலிருந்தே உள்ளது. விமர்சனத்தை டிஎஸ்வெக்டராக (பிரித்த சொற்களின் பட்டியலாக) மாற்றும்போது தமிழ் கான்ஃபிகரேஷனின் (சொல் பிரிக்கும் அமைப்பின்) பெயரைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். விட்டுவிட்டால் அந்த சர்வரின் இயல்பு அமைப்பு ஓடும்.

படி 3: ஸ்டாப் வேர்டுகள், அதாவது பொருளுக்கு அதிகம் உதவாததால் ஒதுக்கிவிடும் சொற்கள். தமிழுக்கு ஆயத்தப் பட்டியல் கிடையாது. போஸ்ட்கிரெஸின் டிஎஸ்சர்ச் டேட்டா ஃபோல்டரில், வரிக்கு ஒரு சொல்லாக, ஸ்டாப் என்று முடியும் ஃபைலை நீங்களே உருவாக்க வேண்டும். அதைச் சுட்டும், தமிழ் ஸ்டெம்மரை ஓட்டும் ஒரு ஸ்னோபால் டிக்‌ஷனரி செய்து, தமிழ் கான்ஃபிகரேஷனை நகலெடுத்து, நகலில் 'வேர்ட்' என்ற சொல்வகைக்கு அந்த டிக்‌ஷனரியை மாட்டுங்கள்.

இங்கேதான் நிதானம் வேண்டும். 'ஒரு', 'மற்றும்' போகலாம். 'இல்லை' போகவே கூடாது! அது போனால் 'சாம்பார் நன்றாக இல்லை' பாராட்டாகிவிடும். பட்டியல் சோதனை விகுதி வெட்டுவதற்கு முன்பே நடப்பதால், 'அதை', 'அதற்கு' போன்றவற்றைத் தனித்தனியே எழுத வேண்டும்.

தமிழில் எதிர்மறை வினைக்குள்ளேயே ஒட்டியிருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். 'பிடித்தது', 'பிடிக்கவில்லை' போன்ற ஜோடிகள் பத்திருபதை ஸ்டெம்மரில் ஓட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே அடிச்சொல்லாக வெளிவந்தால், இந்த வேலைக்கு ஸ்டெம்மர் வேண்டாம். விகுதியைத் தொடாத 'சிம்பிள்' டிக்‌ஷனரிக்கு மாறுங்கள். சொற்களின் எண்ணிக்கை கூடும்தான். பொருள் கெடுவதைவிட அது மேல் என்பேன்.

படி 4: டிஎஸ்-ஸ்டாட் ஃபங்ஷனை ஓட்டினால், ஒவ்வொரு சொல்லும் எத்தனை விமர்சனங்களில், மொத்தம் எத்தனை முறை வருகிறது என்று கிடைக்கும். மாடலுக்கான எண்கள் இவற்றிலிருந்துதான் பிறக்கும்.

ஸ்டாப் வேர்டு பட்டியலைப் பின்னால் திருத்தினால், ஏற்கெனவே சேமித்த டிஎஸ்வெக்டர்கள் தாமாக மாறாது. மறுபடி உருவாக்கி, மாடலையும் மறுபடி பழக்குங்கள். புது விமர்சனங்களைக் கணிக்கும்போதும் அதே கான்ஃபிகரேஷன்தான்.